இரண்டு முறை ஆமாம் சொன்ன ஊர்

பக்கத்து வீட்டுக்காரர் முஸ்லிம் என்று தெரிந்த அன்று நான் செய்த முதல் காரியம், வருகிற ரம்ஜானுக்கு நம் வீட்டில் மதியச் சமையல் கிடையாது என்று அறிவித்ததுதான். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரியான எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பெருநாள் என்றால் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வரும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தி பத்து வருஷம் தவறாமல் கொடுத்து என்னை அப்படிக் கெடுத்து வைத்திருந்தாள்.

ஃப்ரீமான்ட் நகரத்தில் எங்கள் டவுன்ஹவுஸுக்கும் அவர்களுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். பிலிப்பைன்ஸின் தெற்குக் கோடியில் இருக்கும் மிண்டனாவோ தீவிலிருந்து வந்த தம்பதி. அவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, அவர் மனைவி நர்ஸ். பிள்ளைகள் காலேஜுக்காக வெளியூர் போய்விட்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் என்றால் கிறிஸ்தவர்கள்தான் என்று நானே முடிவு கட்டி, அவர்கள் வந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பிளம் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். அதில் ரம் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். சேர்த்திருந்தது. அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

ரம்ஜான் வந்தது. மணி ஒன்று ஆனது, ஒன்றரை ஆனது. அழைப்பு மணி அடிக்கவில்லை.

"என்ன, பிரியாணி டிராஃபிக்ல மாட்டிக்கிச்சா?" என்றார் என் கணவர்.

"தொழுதுட்டு வந்துதானே அனுப்புவாங்க. கொஞ்சம் வெயிட் பண்ணுங்களேன்."

"ஒரே சுவர்தானே. பிரியாணி செஞ்சா வாசனை வந்திருக்கணும். எனக்கு ஒண்ணும் வரல."

இரண்டு மணிக்கு அவர் ரவை டப்பாவை எடுத்து, வாணலியைத் தேட ஆரம்பித்தபோது மணி அடித்தது. நான் ஓடிய ஓட்டத்தை என் மகள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். வாசலில் அந்த அம்மா மூன்று டப்பாக்களோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றில் மஞ்சள் சோறு, ஒன்றில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கோழி, மூன்றாவது சின்ன டப்பாவில் தேங்காய், இஞ்சி, வெங்காயத்தாள், மிளகாய் எல்லாம் இடித்து வதக்கிய ஏதோ ஒன்று. பலாபா என்று பேர் சொன்னார். என் மகள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் பேசிக்கலி துவையல்" என்றாள். அடுத்த நிமிஷம் தண்ணீர் கேட்டு ஓடினாள். காரத்தில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மிஞ்ச ஆள் இருக்கிறது.

பிற்பாடு நான் அந்தப் பிரியாணி ஏமாற்றத்தைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மேடம், நான் பிரியாணின்னு ஒண்ணைச் சாப்பிட்டதே இங்க மௌரி அவென்யூல, உங்க ஆளுங்க கடையிலதான்" என்றார். ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் என்னிடம் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் ஞாபகத்தில் ஏறும்போது எல்லாம் தமிழாகிவிடுகிறது, நான் என்ன செய்ய? எல்லாரையும் மேடம் என்றும் சார் என்றும் அழைப்பது அவர் வழக்கம். என்னை மட்டுமல்ல, எங்கள் பூனையையும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் சிநேகம் வளர்ந்தது குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொட்டிகளைத் தெருவோரம் தள்ளிவைக்க வேண்டும். நானும் அவரும் ஒரே நேரத்துக்குத்தான் தள்ளுவோம். ஐந்து நிமிஷ வேலை அரை மணிக்குக் குறைந்து முடியாது. ஒருநாள் அவர் முகம் மலர்ந்து இருந்தது. மிண்டனாவோவில் தங்கள் முஸ்லிம் பகுதிக்குத் தன்னாட்சி கொடுக்கும் சட்டத்தைப் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது என்றார்.

தன்னாட்சி என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்குள் ஒரு மேடைப் பேச்சாளர் எழுந்து நின்றுவிட்டார். சுயாட்சி பற்றி ஒரு தமிழச்சிக்குச் சொல்லித்தர வேண்டுமா? சுவரெழுத்தில் அதைப் படித்து எழுத்துக் கூட்டப் பழகிய ஆள் நான். மாநிலத்துக்கு என்ன அதிகாரம், மத்திக்கு என்ன அதிகாரம், கல்வி யாரிடம் இருக்க வேண்டும், வரி யாரிடம் போகிறது என்று பச்சைத் தொட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம்" என்றார். பிறகு ஒரு வார்த்தை கேட்டார்.

"உங்க ஊர்ல இதுக்காக எத்தனை வருஷம் சண்டை நடந்துச்சு?"

நான் தொட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இதற்காகப் பேச்சு நடந்தது, மாநாடு நடந்தது, பொதுக்கூட்டத்தில் சோடா பாட்டில் பறந்தது. அவர் கேட்டது அது இல்லை.

அன்றைக்குத்தான் அவர் அண்ணன் கதையைச் சொன்னார். அவர்கள் வீட்டில் பேசும் மரனாவ் மொழியில் அண்ணனைக் காக்கா என்பார்களாம். "எங்க காயல்பட்டினத்திலயும் காக்காதான்!" என்று நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவர் அதை நம்பவே இல்லை. மறுநாள் என் தோழிக்கு வாட்ஸ்அப்பில் போட்டு, அவளை விட்டே குரலில் சொல்லச் சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

காக்கா பதினேழு வயதில் மலைக்குப் போய்ப் போராளிகளோடு சேர்ந்துவிட்டார். அப்போது இவருக்கு எட்டு வயது. போகும்போது அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாராம். நம் ஊர் நம் ஆட்சிக்குள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் தூங்குவேன் என்று. அதன்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்பா போனார், அம்மா போனார். இடையில் அண்ணனும் தம்பியும் ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில், ஒரு கல்யாணக் கூட்டத்தில், ஒருமுறை வாழைத்தோப்பில். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். அரசாங்கமும் போராளிகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவரோடு இருந்த பலபேர் வீட்டுக்கும் முகாமுக்குமாகப் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள். காக்கா மட்டும் அசையவில்லை. கையெழுத்து காகிதத்தில்தானே இருக்கிறது, ஊர் இன்னும் வெளியேதானே இருக்கிறது என்றாராம். ஒப்பந்தம் சட்டமாவதற்கே நாலு வருஷத்துக்கு மேல் ஆனது.

"அந்த வீட்ல இப்ப என் தங்கச்சி மட்டும்தான் இருக்கா. எங்க ஊர் உள்ள வந்துட்டா அவன் வந்துடுவான். அவ்வளவுதான் மேடம் எனக்கு வேணும்" என்றார்.

நான் உடனே, "அதான் சட்டம் வந்துடுச்சே!" என்றேன். சட்டம் வந்தால் போதாதாம், மக்கள் வாக்களிக்க வேண்டுமாம். அதிலும் அவர் ஊர் இருப்பது தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே, வேறொரு மாகாணத்தில். அந்த மாகாணத்தில் பெரும்பான்மை கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் அதிகமுள்ள ஊர்கள் ஒரு ஆறு. அந்த ஊர்கள் சேர வேண்டுமென்றால் ஊரும் ஆமாம் சொல்ல வேண்டும், மாகாணம் முழுவதும் ஆமாம் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் பழைய சட்டம் ஒன்று வந்தபோதும் ஊர் ஆமாம் என்றுதான் வாக்களித்தது. மாகாணம் இல்லை என்றுவிட்டது. இது இரண்டாவது தடவை.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும்னு எங்க ஊர்ல சொல்வாங்க" என்று அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் குப்பை வண்டி வராமல் போனதற்கும் அதையே என்னிடம் சொன்னார். அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. நான் திருத்தவில்லை.

இந்த ஊரும் மாகாணமும் விஷயம் எனக்குச் சரியாகப் புரிந்தது ஒரு செருப்பு ஸ்டாண்டால்தான். சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள். எங்கள் வரிசையில் பத்து. அந்தப் பத்தில் தமிழர்கள், குஜராத்திகள், ஒரு கொரியக் குடும்பம், இவர்கள் என்று எல்லாருமே செருப்பை வாசலில் கழற்றிப் போடும் சாதி. வாசலில் செருப்பு ஸ்டாண்ட் வைக்கக் கூடாது என்று எச்ஓஏ, அதாவது எங்கள் குடியிருப்பு நிர்வாகச் சங்கம், ஒரு கடிதம் அனுப்பியது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், வீட்டு விலை குறையுமாம். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நானே அந்தச் சங்கத்தின் செக்ரட்டரி என்பது வேறு. இரண்டு பக்கத்துக்கு ஒரு பதில் எழுதினேன். ஷூவோடு பெட்ரூம் வரை போகிறவர்கள் சுத்தத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. என் மகள் அதை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினாள்.

விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. எங்கள் வரிசைக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என்று கேட்டோம். ஒரு வரிசைக்குத் தனிச் சலுகை வேண்டுமென்றால் அந்த வரிசையும் சம்மதிக்க வேண்டும், மொத்தக் குடியிருப்பும் சம்மதிக்க வேண்டும் என்பது சங்க விதி. எங்கள் வரிசையில் பத்துக்குப் பத்து. மொத்தத்தில் தோற்றுப்போனோம். எங்கள் வாசலைப் பார்க்கவே வழியில்லாத கடைசி வரிசைக்காரர்கள்கூட வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். முடிவை வாசிக்க வேண்டியது செக்ரட்டரி. பல்லைக் கடித்துக்கொண்டு நானே எழுந்து நின்று வாசித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "மேடம், எங்க ஊர் சட்டத்தை இவங்க எப்படிப் படிச்சாங்க?" என்றார்.

"சும்மா இருங்க. ஒரு நாட்டோட சட்டமும் செருப்பு விதியும் ஒண்ணாகுமா? அங்க உசிரு போயிருக்கு. ஜனங்க யோசிச்சுதான் ஓட்டுப் போடுவாங்க" என்றேன்.



2019 பிறந்தது. ஜனவரி கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸில் மீட்டிங் நடுவே போனைப் பார்த்தால் செய்தி: மிண்டனாவோவில் தன்னாட்சிக்கு மாபெரும் ஆதரவு, ஆமாம் தரப்பு வெற்றி. எனக்குக் கைகால் ஓடவில்லை. வரும் வழியிலேயே மௌரி அவென்யூவில் வண்டியை நிறுத்தி, ஹலால் என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பெரிய ட்ரேயில் மட்டன் பிரியாணி வாங்கினேன். முப்பது பேர் சாப்பிடலாம். அந்த வீட்டில் இருந்ததோ இரண்டு பேர். போதாததற்கு வாழ்த்து எழுதிய கேக் ஒன்று. இந்தத் தடவை ரம் இல்லாதது.

என் கணவர், "கன்ஃபர்ம் பண்ணிட்டியா?" என்றார்.

"நியூஸ்ல வந்திருக்குங்க. இதுக்கு மேல என்ன கன்ஃபர்ம் பண்ணணும்?"

"ஹெட்லைனுக்குக் கீழயும் நாலு வரி போடுவாங்க. அதையும் படிக்கலாம்."

நான் படிக்கவில்லை. நேராகப் போய் மணியடித்து, அவர் கதவைத் திறந்ததும் ட்ரேயைக் கையில் கொடுத்து, "காக்கா வீட்டுக்கு வந்தாச்சா?" என்று கேட்டேன்.

அவர் ட்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாரம் தாங்காமல் உள்ளே போய் மேஜைமேல் வைத்தார். பிறகுதான் சொன்னார். இது முதல் கட்டம். முக்கியப் பகுதிகள் வாக்களித்து, தன்னாட்சி உறுதியாகிவிட்டது. அது உண்மை, சந்தோஷம்தான். அவர் ஊருக்கு வாக்கெடுப்பு இரண்டு வாரம் கழித்துத்தான்.

முந்திரிக்கொட்டை என்று என்னைச் சின்ன வயசில் ஏன் அழைத்தார்கள் என்பது அந்த வாசலில் நின்றபோது முழுதாகப் புரிந்தது. திரும்ப எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அந்த அம்மா விடவில்லை. "இப்ப ஜெயிச்ச பக்கத்துல எங்க சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்காகச் சாப்பிடுவோம்" என்று சொல்லி, எங்கள் வரிசையின் பத்து வீட்டையும் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு அந்த வாசலில் கிடந்த செருப்புகளை எச்ஓஏ தலைவி பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் மட்டனோடு பலாபாவைச் சேர்த்துச் சாப்பிட்டார். பிரியாணிக்கு இப்படி ஒரு அவமானமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு நானும் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன் என்பதை என் கணவரிடம் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு, ட்ரேயைக் கழுவிக்கொண்டே அவர் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னார், "இவர் ராத்திரி தூங்கறதில்ல. எப்பவும் இல்லாத பழக்கமா நகத்தைக் கடிக்கிறார். ஊர் ஓட்டைப் பத்தி இவருக்குப் பயமே இல்ல. மாகாணத்தை நினைச்சுதான்."

அந்த இரண்டு வாரமும் நான் அவருக்கு நல்ல வார்த்தை சொல்வதையே தொழிலாக வைத்திருந்தேன். மாகாணத்துக்காரர்கள் ஏன் மறுக்கப் போகிறார்கள், ஆறு ஊர் போனால் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவர்களை நாலு வார்த்தை திட்டவும் செய்தேன். அவர்தான் தடுத்தார். "அப்படிச் சொல்லாதீங்க மேடம். அந்தப் பக்கமும் வீடு எரிஞ்சிருக்கு. அவங்களுக்கும் அண்ணன்மார் செத்துப்போயிருக்காங்க. பயப்படறாங்க. நான் அங்க பொறந்திருந்தா நானும் பயந்திருப்பேன்" என்றார். எனக்குத்தான் கோபம் குறையவில்லை. அடுத்தவர் சண்டையில் கோபப்படுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது தோன்றுகிறது.

வாக்கெடுப்பு நாள் இங்கே எங்களுக்குச் செவ்வாய் சாயங்காலம், அங்கே புதன் காலை. தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நடுத்தெருவில் நின்று போனைக் காட்டினார். தங்கை அனுப்பிய படம். பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை, வெயிலுக்குக் குடை, தலைத்துணி, இடுப்பில் குழந்தை. தங்கை விரலில் மை வைத்திருந்ததைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான் எங்கள் ஊர்த் தேர்தல் மையைப் பற்றி ஆரம்பித்து, நானாகவே நிறுத்திக்கொண்டேன். அப்படி நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அவர் வண்டி வெளியே நின்றது. புதன்கிழமைகளில் அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருப்பதில்லை. நான் கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போனேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எதை எடுத்துக்கொண்டு போவது? நல்ல சேதிக்கு ஒன்று, கெட்ட சேதிக்கு ஒன்று என்றுதான் நமக்குத் தெரியும். என்ன சேதி என்று தெரியாதபோது கொண்டுபோக நம்மிடம் ஒன்றும் இல்லை.

ஊர் ஆமாம் என்று சொல்லிவிட்டது, கிட்டத்தட்ட ஊரே. ஆறு ஊர்களும் அப்படித்தான். மாகாணம் இல்லை என்றுவிட்டது.

அவர் இதைச் சோபாவில் உட்கார்ந்து, லேப் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். ஊர் ஜனங்கள் மொத்தமும் ஆமாம் என்று சொன்ன பிறகு எப்படி இல்லை என்று ஆகும், இது என்ன நியாயம், கோர்ட்டுக்குப் போக முடியாதா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் மெல்லச் சிரித்து, "மேடம், நீங்கதானே செக்ரட்டரி. எழுந்து நின்னு வாசிச்சீங்களே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு செருப்பு ஸ்டாண்டுக்காக நான் போட்ட ஆட்டமும் எழுதிய இரண்டு பக்கமும் கண்முன் வந்து மானத்தை வாங்கின. இந்த மனிதர் நாற்பது வருஷமாகக் காத்திருந்ததை லேப் ரிப்போர்ட் மாதிரி வாசிக்கிறார். அவர்தான் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆறுதல் சொல்லப்போன இடத்தில் ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்த ஆள் நான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் குப்பைத் தொட்டியை என் கண்ணில் படாமல் தள்ளிவைத்தார். வரப்போவதில்லை என்று தெரிந்த ஆளைப் பற்றி நான் என்ன கேட்பது? நானும் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. அவர் மொழியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் தலையிடாதே என்று கண்ணாலேயே சொன்னார். நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன்.

கதவைத் திறந்தது அந்த அம்மா. முகத்தில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து இருந்தன. "வாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இவர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

காக்கா வீட்டுக்கு வந்துவிட்டாராம். அவர்கள் ஊர் நேரப்படி முந்தின நாள் சாயங்காலம், தன்பாட்டுக்கு. துப்பாக்கியை முகாமில் வைத்துவிட்டு, கையில் ஒரு பையோடு நடந்து வந்து, கதவைத் தட்டி, தங்கையிடம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாராம். ஊர் இன்னும் வெளியேதானே இருக்கிறது, சபதம் என்னவாயிற்று என்று தங்கை கேட்டதற்கு, "ஊரைத்தான் கேட்டேன். ஊர் ஆமாம்னு சொல்லிடுச்சு, அதுவும் ரெண்டு தடவை. மாகாணத்தை யார் கேட்டா?" என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, முட்டி வலிக்கிறது, தைலம் இருக்கிறதா என்றும் கேட்டாராம்.

நான் கைதட்டப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன்.

"இப்படியா வரணும்? ஜெயிச்சு வருவான்னு இருந்தேன். அம்மாகிட்ட அப்படித்தானே சொல்லிட்டுப் போனான். தோத்துட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, தைலம் கேட்டுக்கிட்டு! இதுக்கு அப்பவே வந்திருக்கலாமே. அம்மா இருக்கும்போதே வந்திருக்கலாமே!" அவர் என்னிடம் சொல்லவில்லை, ஜன்னலிடம் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் மனைவி அவர் தோளில் கை வைத்து, எனக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே கேட்டார், "உங்களுக்கு என்ன வேணும்? எல்லைக்கோடா, அண்ணனா?"

  அந்த வீட்டில் நான் இருந்தும் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தது சரித்திரத்தில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கைக்கு வீடியோ கால் போட்டார். அங்கே ஞாயிறு காலை. காக்கா என்ன செய்கிறார் என்று கேட்டிருப்பார் போல. தங்கை வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார். படம் ஆடியது. ஒரு சுவர், ஒரு காலண்டர், ஒரு கதவு. உள்ளே தரையில் பாய் விரித்து ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். நரைத்த தாடி, மெலிந்த கை, இழுத்துப் போர்த்திய பூப்போட்ட போர்வை. விடிகாலைத் தொழுகை முடித்துவிட்டு மறுபடி படுத்தவர் இன்னும் எழவில்லையாம்.

பக்கத்து வீட்டுக்காரர் போனை மேஜைமேல் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

"கேக்குதா மேடம்?" என்றார். முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "போகும்போது அவனுக்குப் பதினேழு வயசு. என் காக்கா குறட்டை விடுவான்னே எனக்குத் தெரியாது."

எழுப்பட்டுமா என்று தங்கை சைகையில் கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, போன் அப்படியே இருக்கட்டும் என்றார்.